நாலு சக்கரமும் இழுக்கும்

உங்களைத் தள்ளிக்கிட்டு வந்த ஆளு இப்போதைக்கு வரமாட்டான் அக்கா. என்னைத் தள்ளிக்கிட்டு வந்தவனும் அப்படித்தான், விரலைக் காட்டி என்னமோ சொல்லிட்டுப் போனான், போனவன் போனவன்தான். நம்மள மாதிரி நடுவழியில பிளேன் மாற சக்கர நாற்காலியில வர்றவங்களை எல்லாம் இப்படி ஒரே இடத்துல வரிசையா நிறுத்தி வெச்சுட்டு, பிளேன் கிளம்புற நேரத்துக்கு வந்து ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டுப் போவாங்க. பயப்படாதீங்க. கழுத்துல அட்டை தொங்குதுல்லா, அது இருக்கிற வரைக்கும் நாம தொலைய முடியாது.

தமிழ்னு எப்படித் தெரிஞ்சுதுன்னா கேக்கீங்க? நெத்தியில விபூதி, மடியில துணிக்கடை மஞ்சப் பை. அதுக்கு மேல என்ன வேணும்?

உங்களுக்குக் கால்ல என்ன? ஒண்ணும் இல்லையா? எனக்கும் ஒண்ணும் இல்லை. தென்காசியில நாலு ரதவீதியும் சுத்தி வருவேன். கால் நல்லாத்தான் நடக்கு, பாஷைதான் நடக்கமாட்டேங்குது. அதுக்குத்தான் எம் மகன் நாற்காலி கேட்டு எழுதிட்டான். உங்களுக்கும் அதேதானா? சிரிக்காதீங்க, இங்க உட்கார்ந்திருக்கிற முக்காவாசிப் பேருக்கு அதேதான்.

எம் பேரு உலகம்மாள். எங்க ஊரு அம்மன் பேரு. உங்களை அக்கான்னே கூப்பிடுதேன். நீங்க எங்க போறீங்க? கனடாவா? மக வீடா? முதல் தடவையா? இந்தத் தை மாசத்துலயா உங்களைக் கூப்பிட்டிருக்காங்க! அங்கயும் பனிதான். அப்ப நான் சொல்லுததைக் கேட்டுக்கோங்க, உபயோகப்படும். நான் அமெரிக்காவுல மினசோட்டாங்கிற ஊர்ல எம் மகன் வீட்டுல இருந்துட்டு வாரேன். பனின்னா அதுதான் பனி.

மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் திரும்பி வாரதுக்குப் போகல அக்கா. அங்கேயே இருந்துடலாம்னுதான் போனேன். எங்க வீட்டுக்காரங்க போனதுக்கு அப்புறம் தென்காசி வீடு வெறிச்சுன்னு ஆயிப்போச்சு. மக செண்பகம் ராஜபாளையத்துல இருக்கா, அவ வீட்டுல சம்பந்தியம்மா இருக்காங்க, அங்க நான் எத்தனை நாள் போய் உட்கார முடியும்? மகன்தான் சொன்னான், "வந்து இருந்து பாரும்மா. உனக்குப் பிடிச்சா இங்கேயே இருக்கிறதுக்கு ஏற்பாடு பண்ணுதேன்." எனக்குப் பிடிக்காம என்ன? கேஸ் சிலிண்டரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். முருங்கை மரத்தைக்கூட எதிர்வீட்டுக்காரியைப் பறிச்சுக்கச் சொல்லிட்டேன். அப்படிக் கிளம்பினவ இப்ப திரும்பிப் போறேன். எதுக்குன்னு சொல்லுதேன்.

எம் மகன் பேரு குத்தாலிங்கம். அங்க உள்ளவங்க அவனை லிங்க்னு கூப்பிடுதாங்க. போகட்டும், சாமி பேருல பாதியாவது நாக்குல வருதே. மருமக பேரு மிருதுளா, கோயம்புத்தூர்ப் பொண்ணு. "என்னங்க, சொல்லுங்க, வாங்க"ன்னு மரியாதையா பேசுவா. ஆனா ஹாஸ்டல்லயே வளர்ந்தவ. வீட்டுப் பழக்கம் பத்தாது. அவளைக் குறையா சொல்லலை, இருக்கிறதைச் சொல்லுதேன்.

வீடு ஒரு மேட்டுல இருக்கு. ரோட்டிலிருந்து கராஜ் வரைக்கும் சரிவா சிமெண்டுத் தரை. அதுதான் வாசல்னு வெச்சுக்கோங்க. ரெண்டு பேரும் காலையில வேலைக்குப் போயிருவாங்க. அவன் ஒரு பக்கம், அவ ஆஸ்பத்திரியில கணக்கு வேலை. அப்புறம் பொழுது சாயுற வரைக்கும் அந்த வீட்டுல சத்தம் போடுதது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஃப்ரிட்ஜ், இன்னொண்ணு நான் சாமி கும்பிடுதது. ஃப்ரிட்ஜ் நின்னு போச்சுன்னா எனக்குப் பக்குன்னு இருக்கும், கூட இருந்த ஆளு எழுந்து போன மாதிரி. சன்னல்ல உட்கார்ந்து கார்கள் போன தடத்தைப் பார்த்துக்கிட்டிருப்பேன். பனியில ரெண்டு கோடு போட்டுக்கிட்டுப் போகும். இது அவன் போனது, இது அவ போனதுன்னு பிரிச்சு வெச்சுக்குவேன். மத்தியானத்துக்குள்ள இன்னும் பனி பெய்ஞ்சு ரெண்டு தடத்தையும் மூடிரும். அதோட அந்த வேலையும் முடிஞ்சு போகும்.

எதிர்வீட்டுல ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவரும் தனிதான். அந்தத் தெருவுல எனக்குக் கையைக் காட்டின மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

நான் அங்க போன மறுநாளே செஞ்ச முதல் வேலை என்ன தெரியுமா? வாசல் தெளிச்சேன். அந்த வீட்டுல குடியேறி வருஷக்கணக்காச்சு, அந்த வாசல்ல ஒரு கைத் தண்ணி விழுந்ததில்லை அக்கா! கல்யாணமாகியும் வருஷம் பல ஆச்சு, வீட்டுல ஒரு குழந்தைச் சத்தம் இல்லை. வாசல் தெளிக்காத வீட்டுக்குள்ள எதுதான் வரும்? வாயைத் திறந்து யாரையும் ஒண்ணும் கேக்கல நான். வாளியை எடுத்தேன். ஒவ்வொரு கை தண்ணிக்கும், "உலகம்மா, இந்த வாசல்ல ஒரு பிள்ளை தவழணும் தாயே"ன்னு சொல்லிக்கிட்டே தெளிச்சேன். அவ்வளவுதான்.

அப்புறம் பனி பிடிச்சுது. கோலத்துக்கு வழி இல்லை. வெள்ளையில வெள்ளையை எங்க போட? சரி, கோலம் இல்லாட்டா என்ன, தண்ணியை விடக்கூடாதுன்னு, அவங்க எழுந்திரிக்கிறதுக்கு முன்னால எழுந்து, பனியை எல்லாம் ஓரமா ஒதுக்கி, தரை தெரியத் தெரியத் தெளிப்பேன். பச்சைத் தண்ணி கையை வெட்டும். அதனால வெந்நீர். ரோட்டுல ஆரம்பிச்சுப் பின்னாலயே நடந்து கராஜ் வரைக்கும் ஒரு வாளி. மகன் எனக்கு அடியில முள்ளு வெச்ச பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தான். அதனாலயோ, அம்மன் துணையோ, ஒருநாள்கூட எனக்கு வழுக்கினதில்லை. மகன்கிட்டச் சொல்லல. சொன்னா "குளிருதும்மா, உனக்கெதுக்கு"ம்பான்.

எதிர்வீட்டுக்காரர் சன்னல்ல நின்னு பார்ப்பார். முதல்ல கையை மட்டும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அப்புறம் ரெண்டு கையையும் சேர்த்து இப்படி, இப்படி ஆட்டினார். நானும் அப்படியே ஆட்டினேன். ஒருநாள் வெளியவே வந்துட்டார். என் வாளியைக் காட்டி, தரையைக் காட்டி, நடந்து வந்து சர்ருன்னு வழுக்கி விழுற மாதிரி கூத்து காட்டினார். நான் சிரிச்ச சிரிப்பு! தனியா இருக்கிற மனுஷன், பாவம், காலையில யாரையாவது சிரிக்க வெச்சுப் பார்க்கணும்னு ஆசை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டார். என்ன கவலையோ.

அந்த ஊர்ப் பனிக்கு ஒரு குணம் இருக்கு அக்கா. தெருவுல எங்க பார்த்தாலும் உப்புமா மாதிரி பொருபொருன்னு கிடக்கும். எங்க வாசல்ல மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு நிக்கும். இடத்து வாகு. மகனோட கார் ரோட்டிலிருந்து மேல ஏறமாட்டேன்னுட்டு. சக்கரம் நின்ன இடத்துலயே கரகரன்னு சுத்தும், புகை வரும், கார் அங்கேயே நிக்கும். இவன் இறங்கி மண்ணை அள்ளிப் போடுவான், அட்டையைப் போடுவான். "பக்கத்து வீட்டுலல்லாம் ஏறுதுல்லா, நமக்கு மட்டும் என்ன கேடு"ன்னு தலையில கையை வெச்சுக்கிட்டு நிப்பான். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. மறுநாள் இன்னும் ரெண்டு கை சேர்த்துத் தெளிச்சு வேண்டிக்குவேன்.

கடைசியில ஒரு புதுக் கார் வாங்கிட்டான். "ஃபோர் வீல் டிரைவ்மா, இனிமே எந்தப் பனியும் ஒண்ணும் செய்யாது"ன்னான்.

"ஏல, நாலு சக்கரம் இல்லாத கார் எங்கல இருக்கு?"ன்னு கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரிச்சான். "இல்லைம்மா. சாதாரணக் கார்ல இன்ஜின் ரெண்டு சக்கரத்தைத்தான் இழுக்கும். மத்த ரெண்டும் சும்மா கூட உருண்டுக்கிட்டு வரும்."

"அப்ப இத்தனை நாளும் ரெண்டு சக்கரம் ஓசியிலயா வந்துச்சு?"

"அப்படித்தான். இதுல நாலும் இழுக்கும். ஒண்ணு வழுக்கினாலும் மத்தது பிடிச்சுக்கிடும்."

நல்ல குடும்பம் மாதிரின்னு சொன்னேன். மிருதுளாவும் சிரிச்சா. அன்னைக்கு மூணு பேரும் சிரிச்சோம்.

எலுமிச்சம்பழம் வெச்சோம். நாலு சக்கரத்துக்கும் நாலு. மகன் காரை எடுத்தான். பழம் நசுங்கணும்லா? ஒண்ணுகூட நசுங்கல. சக்கரம் பட்டதும் சர்ருன்னு வழுக்கி, ஒண்ணு பின்னால ஒண்ணா சரிவுல உருண்டு ரோட்டுக்குப் போயிட்டு. நல்ல சகுனம் இல்லையேன்னு பட்டுது. யார்கிட்டயும் சொல்லல. அடுத்த வாரம் மார்கழி பிறந்துது. மார்கழி மாசத்துல வாசலுக்குக் குறை வைக்க முடியுமா? ஒரு வாளியை ரெண்டு வாளி ஆக்கிட்டேன்.

அந்த ஞாயித்துக்கிழமை என்னை மட்டும் புதுக் கார்ல கூட்டிட்டுப் போனான். பெரிய ஏரி ஒண்ணு, கடல் மாதிரி, அதை ஒட்டியே ரோடு. ரோடெல்லாம் வெள்ளை. போகப் போக எனக்குப் பாடம் நடத்தினான். "பனியில கார் ஓட்டுதது முட்டையைக் கையில வெச்சுக்கிட்டு நடக்கிற மாதிரிம்மா. எல்லாத்தையும் மெதுவா செய்யணும். மெதுவா கிளம்பணும், மெதுவா திருப்பணும். பிரேக்கை வெடுக்குன்னு அமுக்கக்கூடாது. முன்னால போற வண்டிக்கும் நமக்கும் நிறைய இடம் விடணும். வழுக்குச்சுன்னா பதறாம, எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே பார்த்து ஸ்டியரிங்கைப் பிடிக்கணும்."

ஓரத்துல பள்ளத்துல ஒரு பெரிய கார் தலைகுப்புறக் கிடந்துது. நம்மளது மாதிரியே நாலு சக்கரமும் இழுக்கிறதாம்.

"பின்ன ஏன்ல கவுந்துச்சு?"

"நாலும் இழுக்கிறது போறதுக்குத்தான்மா. நிக்கிறதுக்கு எல்லாக் காரும் ஒண்ணுதான். நல்லா ஏறுதேன்னு நம்பி வேகமாப் போவாங்க. நிறுத்தணும்னு வரும்போதுதான் தெரியும்."

ஒண்ணு விடாம எப்படி ஞாபகம் வெச்சிருக்கேன்னா பார்க்கீங்க? அவன் எங்கிட்ட அவ்வளவு நேரம் பேசினது அன்னைக்கு ஒருநாள்தான் அக்கா. சின்னப் பிள்ளையில பள்ளிக்கூடம் விட்டு வந்து வாய் ஓயாம பேசுவான். அப்புறம் போன்ல "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா"தான். அதனால அவன் கிளட்சு, பிரேக்குன்னு எதைச் சொன்னாலும் நான் "அப்படியா, அப்புறம்?"னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஏரி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் வாயைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டேன். "ஏல, நான் இங்கேயே இருந்துரட்டுமா?"ன்னு. "இந்தக் குளிரைத் தாண்டு பார்ப்போம்மா"ன்னான். தாண்டிருவேன்னு சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில அவன் காரைப் பின்னால எடுக்கான். மெதுவாத்தான் எடுத்தான், எங்கிட்டச் சொன்ன மாதிரியே. கராஜைத் தாண்டினதும் கார் அவன் பேச்சைக் கேக்கல. சக்கரம் நாலும் அசையாம நிக்கு, கார் மட்டும் தன்னால வழுக்கிக்கிட்டுப் போகுது. சரிவுல இறங்கி, ரோட்டைத் தாண்டி, எதிர்வீட்டுக் குப்பைத்தொட்டியில போய் டமால்னு மோதி நின்னுது. வேற வண்டி எதுவும் வரல. அம்மன் காப்பாத்தினா. நான் மட்டும் தெளிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ!

இவன் இறங்கி வந்தான். முகத்துல ரத்தம் இல்லை. "ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் இப்படியா! இந்த இடத்துல மட்டும் எப்படி ஐஸ் கட்டுது?"ன்னு கத்துதான். மிருதுளா ஓடி வந்தா. வந்தவ குனிஞ்சு, கையுறையால தரையைத் தேய்ச்சுப் பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் கராஜ் ஓரத்துல இருந்த வாளியைப் பார்த்தா. அப்புறம் என் சேலைக் கரையைப் பார்த்தா. கரை நனைஞ்சு, குச்சி மாதிரி விறைச்சு நின்னுது.

"கூரையிலிருந்து தண்ணி சொட்டுதுங்க. அதுதான் உறையுது"ன்னு அவன்கிட்டச் சொன்னா.

அவன் கூரையைப் பார்த்துத் திட்டினான்.

அன்னைக்குச் சாயங்காலம் டீ போட்டு எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. அப்படி உட்காருற வழக்கம் இல்லை. "அத்தை, காலைல வாசல்ல தண்ணி..."ன்னு ஆரம்பிச்சா. பார்த்துட்டாளே, இனிமே மறைச்சு என்ன செய்யன்னு நானே சொல்லிட்டேன். "தாயி, கோவிச்சுக்காதே. ஒரு பிள்ளைக்காகத்தான் தெளிக்கேன். ஒவ்வொரு கை தண்ணிக்கும் உம் பேரைச் சொல்லித்தான் போடுதேன். எனக்கு வேற என்ன தெரியும்? உங்க டாக்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான்."

அவ டீ டம்ளரைக் கீழ வெச்சா. கண்ணு நிறைஞ்சுட்டு. டீ ஆறிப் போச்சு. "வேற ஏதோ சொல்ல வந்தியே?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லைங்கத்தை"ன்னு எழுந்து போயிட்டா.

மனசு இளகிட்டான்னு நினைச்சேன். எங்க! மறுநாள் நான் தெளிச்சு முடிச்சு உள்ள வந்து விளக்கேத்திட்டுச் சன்னல் வழியாப் பார்க்கேன், அவ வெளிய நின்னு வாசல் பூரா உப்பைக் கொட்டுதா! மூட்டையிலிருந்து அள்ளி அள்ளிக் கொட்டுதா அக்கா! தெளிச்ச ஈரம்கூடக் காயல. உப்புன்னா யாரு? மகாலட்சுமி. அதை மிதிக்கலாமா? அதுவும் நான் சாமியை நினைச்சுத் தெளிச்ச தண்ணி மேல கொட்டுததுன்னா என்ன அர்த்தம்? மறுநாளும் கொட்டினா. அதுக்கு மறுநாளும். எனக்கு முன்னால தூங்கி எனக்குப் பின்னால எழுந்தவ, அதுக்காகவே இருட்டோட எழுந்திரிக்க ஆரம்பிச்சுட்டா. வேலைக்குப் போற பொண்ணு, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு இதுக்கா எழுந்திரிக்கணும்? அவ்வளவு வைராக்கியம் எம் மேல.

சண்டை போடல நான். போடுற ஆளும் இல்லை. "ஏன் தாயி உப்பு?"ன்னு மட்டும் கேட்டேன். "கார் வழுக்காம இருக்கத்தானுங்க"ன்னு சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. கார் வழுக்காமப் பார்த்துக்கிடத்தான் நாலு சக்கரமும் இழுக்கிறதா வாங்கிட்டானே எம் மகன்! அதைச் சொன்னதுக்கு, சிரிச்சுக்கிட்டே, "அதுக்கும் உப்பு வேணுங்கத்தை"ங்கா.

ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையிலயாவது மகாலட்சுமியை யாரும் மிதிக்கக்கூடாதுன்னு, அவ உப்பைக் கொட்டிட்டு, மகன் வேலைக்குக் கிளம்பினதும் குளிக்கப் போன நேரம், துடைப்பத்தை எடுத்து எல்லாத்தையும் கூட்டி அள்ளிட்டேன். அள்ளிட்டு நல்லா கொதிக்கக் கொதிக்க ரெண்டு வாளி தெளிச்சேன். அன்னைக்கு வாசல் இருந்த அழகு! தெருவிளக்கு அதுல அப்படியே தெரியுது.

அன்னைக்குத்தான் அவளுக்குக் கை உடைஞ்சுது அக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல, கார் நிறுத்துற இடத்துல வழுக்கி விழுந்துட்டாளாம். வலது மணிக்கட்டு. மத்தியானம் போன் பண்ணினா, "வேலைக்கு வந்த இடத்துல விழுந்துட்டேங்கத்தை, பயப்படாதீங்க"ன்னு. நான் துடிச்சுப் போயிட்டேன். மகாலட்சுமியை அத்தனை நாள் மிதிச்சதுக்கு அவ சும்மா விடுவாளான்னு மனசுல பட்டுது. வாயால சொல்லலை. சொல்லுவேனா?

அன்னைக்குக் காலையில எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. அவ ரோட்டோரம் நிக்கிற தன் காருக்குப் போகக் கிளம்பினதும் வெளிய தொப்புன்னு ஒரு சத்தம். கூரையிலிருந்து பனி விழும், அப்படித்தான் கேக்கும். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கார் சத்தம் கேட்டுது. மத்தியானம் நான் வெளிய எட்டிப் பார்த்தா, அவ சாப்பாட்டு டப்பா வாசல் நடுவுல கிடக்கு! மூடி ஒரு பக்கம், எலுமிச்சம்பழச் சோறு ஒரு பக்கம், பனியில மஞ்சளா சிதறிக் கிடக்கு. அவசரத்துல தவற விட்டிருக்கா. அதைக்கூடக் கவனிக்காம என்ன போக்கு! எடுத்துக் கழுவி வெச்சேன். சாயங்காலம் அதைப் பார்த்ததும் பட்டுன்னு வாங்கி உள்ள வெச்சுட்டா. "அவர்கிட்டச் சொல்லாதீங்கத்தை"ன்னா. சோறு சிந்தினதைப் போய் மகன்கிட்ட மூட்டிக் கொடுக்கிற மாமியாரா நான்?

ஏன் அக்கா நெத்தியைப் பிடிச்சுக்கிட்டீங்க? தலைவலிக்கா? இந்த ஏசிக் காத்து அப்படித்தான், முக்காடு போட்டுக்கோங்க.

அதோட மகன் முடிவு பண்ணிட்டான். "மிருதுளாவுக்கே இப்படின்னா, நீ விழுந்தா என்னம்மா ஆகும்? இந்த வயசுல இடுப்பு எலும்பு போச்சுன்னா? நான் வேலையைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா?"ன்னான். "நான் விழமாட்டேன்ல"ன்னு சொன்னேன். "அவளும் அப்படித்தான் நினைச்சிருப்பா"ன்னான். டிக்கெட்டை முன்னால மாத்திட்டான்.

"அவளுக்குக் கை சரியாகிற வரைக்குமாவது இருந்து சமைச்சுப் போடுதேன்ல"ன்னு கெஞ்சினேன். எம் மகன்கிட்டத்தானே கெஞ்சுதேன், அதுல என்ன.

"இல்லைம்மா. எனக்கு நிம்மதி இருக்காது"ன்னுட்டான்.

அவ சொல்லித்தான் இவன் ஆடுதான்னு எனக்குத் தெரியாதா? அடுத்த அறையில பேசினாங்க. அவ அழுத குரல்ல, "அத்தை இருக்கட்டுங்க, பங்குனி வரைக்குமாவது இருக்கட்டுங்க, வாசலை நான் பார்த்துக்கறேன்"னா. எல்லாம் ஒப்புக்குத்தான். "நீ ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு எதைப் பார்ப்பே?"ன்னு அவன் கேட்டான். அவ மூக்கைச் சிந்திக்கிட்டு வெளிய வந்துட்டா. உண்மையா இருந்தா விடாம கேக்கமாட்டாளா?

ஏர்போர்ட்டுக்குக் கிளம்புதப்ப அவ வாசல் வரைக்கும் வந்தா. மாவுக்கட்டுப் போட்ட கையோட என் காலைத் தொட்டா. குனிய முடியல. நான் விபூதி பூசினேன். மகன் காரை மெதுவா எடுத்தான். அன்னைக்கு வாசல்ல உப்புத்தான் கிடந்துது. கார் ஒரு அசைவு இல்லாம இறங்கிப் போச்சு. ஏரிப் பக்கம் போகல, வேற வழி. "பிரேக்கை மெதுவா அமுக்குல"ன்னு நான்தான் சொன்னேன். "சரிம்மா"ன்னான். அவ்வளவுதான் பேச்சு. நாற்காலிக்காரன்கிட்ட என்னை விட்டுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிட்டான். பார்த்தா அழுதிருவான். சின்னதுலயே அப்படி.

இருங்க, போன் அடிக்கு. எந்தப் பக்கம் தள்ளணும் இதை? பச்சையா?

ஹலோ... ஆமா தாயி, இறங்கிட்டேன்... சாப்பிட்டேன், பிளேன்ல கொடுத்தாங்க... ஒத்தையில இல்லை, இங்க ஒரு அக்கா இருக்காங்க... உங்களுக்கு இப்பத்தான் விடிஞ்சுதா? அவன் எங்க?... கிளம்பிட்டானா? இவ்வளவு சீக்கிரமாவா?... கை வலிக்கா? மாத்திரை போடு... என்னது?... ஒத்தைக் கையாலயா? ஏளா, எதுக்கு உனக்கு... சரி... சரி தாயி... ஆங்... பார்ப்போம்... வைக்கேன்.

அவதான். மிருதுளா. இன்னைக்குக் காலையில அவ வாசல் தெளிச்சாளாம் அக்கா! "நீங்க செஞ்சதை விடக்கூடாதுன்னு தோணுச்சுங்கத்தை"ங்கா. ஒரு டம்ளர் தண்ணி எடுத்து, படிக்கு ஓரமா இருக்கிற பூச்செடித் தொட்டியில தெளிச்சாளாம். தொட்டியில! செடி என்னைக்கோ பட்டுப் போச்சு, வெறும் மண்ணு. வாசலை விட்டுட்டுத் தொட்டியில யாராவது தெளிப்பாங்களா? ஒரு பெரியாளு கூட இருந்து சொல்லிக் கொடுத்தா இப்படி ஆகுமா? போகட்டும். தண்ணின்னு எடுத்தாளே.

நீங்க மக வீட்டுக்குப் போனதும் முதல் நாளே ஆரம்பிச்சுருங்க அக்கா. வெந்நீரா எடுத்துக்கோங்க, கை விறைக்காது. தலையை ஏன் இப்படி ஆட்டுதீங்க? எதிர்வீட்டுக்காரர் மாதிரியே ஆட்டுதீங்க!

இன்னொண்ணும் சொன்னா. "பனி விட்டதும் சித்திரையில வந்துருங்கத்தை. டிக்கெட்டு, பேப்பர் எல்லாம் நான் பார்த்துக்கறேன். இந்தத் தடவை உங்களை அனுப்பவே மாட்டேன்"னு சொல்லுதா. நான் பார்ப்போம்னுட்டேன். எம் மகன் சொல்லச் சொல்லியிருப்பான். அவனுக்கு நேர்ல சொல்ல வராது. பக்கத்துல நின்னு, இதைச் சொல்லு, அதைச் சொல்லுன்னு எடுத்துக் கொடுத்திருப்பான்.

ஆனா... அவன் விடியறதுக்கு முன்னாலயே வேலைக்குக் கிளம்பிட்டான்னுல்லா சொன்னா.

அப்ப அவளாவா கூப்பிடுதா, அக்கா?